கதாநாயகன் மாறலாம், வில்லன் மாறக்கூடாது

2017 செப்டம்பர் 27 அன்று வெளியான 'ஸ்பைடர்' படத்தை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கம், சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு, ஹாரிஸ் ஜெயராஜ் இசை, தெலுங்கின் முன்னணி நட்சத்திரமான மகேஷ் பாபுவின் முதல் நேரடித் தமிழ்ப் படம் என்று எல்லாமே பெரிய பெயர்கள். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஆனாலும் கதை பாதி வழியில் மூச்சு வாங்கியது. பாட்டுகள் வேண்டாத இடத்தில் குறுக்கே வந்தன. பெரும்பாறை ஒன்று நகருக்குள் உருண்டுவரும் கணினிக் காட்சி பயத்தை வரவழைக்கவே இல்லை. அந்தப் படத்திலிருந்து இன்றும் நினைவில் நிற்பவர் ஒரே ஒருவர்தான்: சுடலை என்ற கொலைகாரனாக வந்த எஸ்.ஜே.சூர்யா.

சுடலை மயானத்தில் பிறந்தவன். பிணம் எரிக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஒப்பாரிதான் அவனுக்குத் தாலாட்டு. ஊரில் சாவு குறைந்தால் அழுகையும் குறைந்துவிடுகிறது; அதைப் பொறுக்க முடியாமல் சிறுவயதிலேயே அவனே சாவுகளை உண்டாக்கத் தொடங்குகிறான். பிறர் அழும்போது அவன் முகத்தில் பரவுகிற நிம்மதியை சூர்யா நடித்துக் காட்டும் விதம் பார்ப்பவரைக் கூச வைக்கும். கத்தியைத் தூக்கிக்காட்டி மிரட்டவில்லை, கண்ணை உருட்டவில்லை. நெடுநாள் பசித்தவன் சோற்றைக் கண்டதுபோல் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

எதிரே நிற்கும் கதாநாயகன் என்ன செய்கிறான்? உளவுத்துறையில் தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்கும் வேலை. ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிக்கத் தானே ஒரு மென்பொருள் வைத்திருக்கிறான். யோசனைக்குக் குறைவில்லாதவன். ஆனால் அவனுக்கு ஆசை எது, அச்சம் எது என்று படம் முடியும் வரை தெரியாது. தோற்றுவிடுவானோ என்ற கவலை ஒரு கணம்கூட எழாது. கதை என்ற ஒன்று அந்தப் படத்தில் நடக்கிறதென்றால், அது சுடலைக்குத்தான் நடக்கிறது.

இதைச் சூர்யாவின் திறமை என்று சொல்லிக் கடந்துவிடலாம். விமர்சகர்கள் அப்படித்தான் கடக்கிறார்கள். சுமாரான திரில்லர் எது வந்தாலும் 'வில்லன் மட்டும் ஆறுதல்' என்ற ஒரு வரி விமர்சனத்தில் தவறாமல் இடம்பெறும். அந்த வரி ஏன் இத்தனை முறை எழுதப்படுகிறது என்று கேட்டுப் பார்க்கவேண்டும். தமிழ் சினிமாவில் நல்ல நடிகர்கள் எல்லோரும் வில்லன் வேடத்துக்கு மட்டும் ஒதுங்கிவிட்டார்களா என்ன? கதாநாயகனுக்கு மறுக்கப்படும் சுதந்திரம் வில்லனுக்குக் கிடைக்கிறது என்பதே உண்மைக் காரணம். வில்லன் பயப்படலாம், பொறாமைப்படலாம், அசிங்கப்படலாம், அழலாம், தோற்கலாம். ரசிகர் மன்றம் கோபித்துக்கொள்ளாது. அடுத்த தேர்தலில் வாக்குக் குறையாது. எழுதுபவரின் கை அவனிடம் மட்டுமே கட்டின்றி ஓடுகிறது.

இதற்குச் சான்று தேடிப் போகவேண்டியதில்லை. மறுஆக்கங்களைப் பார்த்தாலே போதும். 2003 ஜனவரியில் தெலுங்கில் 'ஒக்கடு' வந்தது. மகேஷ் பாபு நாயகன், பிரகாஷ்ராஜ் வில்லன். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தரணி அதைத் தமிழில் 'கில்லி' என்று எடுத்தபோது நாயகன் இடத்துக்கு விஜய் வந்தார், நாயகி இடத்துக்கு த்ரிஷா வந்தார், கர்னூல் போய் மதுரை வந்தது. வில்லன் இடத்தில் மட்டும் அதே பிரகாஷ்ராஜ். ஓபுல் ரெட்டி என்ற பெயர் முத்துப்பாண்டி ஆனதோடு சரி. பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எதிர்த்திசையில் இன்னொரு பயணம். 2015 ஆகஸ்டில் வந்த 'தனி ஒருவன்' அடுத்த ஆண்டு தெலுங்கில் 'துருவா' ஆனது. ஜெயம் ரவி நடித்த வேடத்துக்கு ராம் சரண் வந்தார். சித்தார்த் அபிமன்யுவாக இரண்டு மொழியிலும் அரவிந்த்சாமிதான். வேறொரு நாயகனை வைத்து அந்தக் கதையை எடுக்கலாம், வேறொரு வில்லனை வைத்து எடுக்க முடியாது என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சினிமா வியாபாரத்தில் இதைவிட வெளிப்படையான ஒப்புதல் கிடைக்காது.

'கில்லி' 2024 ஏப்ரலில் மறுவெளியீடு கண்டபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகள் திருவிழாவாயின. திரைக்கு முன் ஆடிய இளைஞர்களில் பலர் அந்தப் படம் முதலில் வந்தபோது கைக்குழந்தைகள். விஜய்க்கு விசில் அடித்த அதே கூட்டம் முத்துப்பாண்டி 'செல்லம்' என்று குழையும் இடத்திலும் அடித்தது. ஊரையே நடுங்கவைக்கும் ஒருவன், தன்னை வெறுக்கிற பெண்ணிடம் பிள்ளையைப்போல் சிணுங்குகிறான். ஆளை வெட்டுகிறவன்தான், ஆனால் அவனுக்கும் ஏமாற்றம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது. வேலு என்ற கபடி வீரனுக்கு அப்படி ஒரு பலவீனத்தையும் எழுதிவைக்கத் துணியவில்லை. அந்தப் படம் சுமாரான படம் அல்ல. வேகத்தால் ஓடிய படம். ஆனாலும் வேகம் தணியும் இடங்களிலெல்லாம் தாங்கிப் பிடித்தது முத்துப்பாண்டிதான்.

ஒரே நடிகர் இரண்டு வேடமும் போடும்போது இந்த வேறுபாடு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 1994 பொங்கலுக்கு மணிவண்ணன் இயக்கத்தில் வந்த 'அமைதிப்படை'யில் சத்யராஜ்தான் நாயகன், அவரேதான் வில்லன். கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கும் அமாவாசை, நாகராஜ சோழன் எம்.எல்.ஏ.வாக உயரும் கதையைத் தெரியாத தமிழர் இல்லை. அவனை எதிர்த்து நின்ற நேர்மையான போலீஸ் அதிகாரி மகனின் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? முகம் ஒன்று, குரல் ஒன்று, சம்பளம் ஒன்று. எழுத்துத்தான் வேறு. 1999-இல் 'வாலி'யில் அஜித்துக்கு நேர்ந்ததும் இதுதான். தம்பி மனைவிமேல் ஆசைப்படும், காது கேளாத, வாய் பேசாத அண்ணன் தேவாதான் அந்தப் படம். தம்பி சிவா காதலிக்கிறார், பாடுகிறார், நகைச்சுவை செய்கிறார், மறந்துபோகிறார். அந்தப் படத்தை எழுதி இயக்கிய அறிமுக இயக்குநர் வேறு யாருமல்ல, பின்னாளில் சுடலையாக வந்த அதே எஸ்.ஜே.சூர்யா. வில்லனுக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதை எழுத்தாளராகவே அறிந்திருந்தவர், நடிகரானபோது தன் இடத்தை எடுத்துக்கொண்டார்.

ரஜினிகாந்தின் தொடக்கத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். 1976-இல் கே.பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' படத்தில் நண்பன் ஏரியில் மூழ்குவதைப் படகில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் '16 வயதினிலே'யில் பரட்டை. தமிழகம் அவரை முதலில் ரசித்தது அந்த அலட்சியத்துக்காகத்தான். நட்சத்திரமான பிறகு அந்த அலட்சியத்தின் உடல்மொழி மட்டும் மிஞ்சியது, உள்ளே இருந்த இருட்டைக் காணோம். 1981-இன் 'நெற்றிக்கண்' போன்ற சில படங்களில் அது எட்டிப் பார்த்தது. பிறகு 2010-இல் 'எந்திரன்' பிற்பகுதியில் கெட்டுப்போன சிட்டியாக வந்து அவர் சிரித்த சிரிப்பில்தான் பழைய ஆளை மறுபடி பார்க்க முடிந்தது. அதுவும் ஓர் இயந்திரம் என்ற சலுகையில்.

கிழக்கிலங்கைக் கரையில் வாழ்பவர்களுக்கு இந்த விஷயம் புதிதாக இருக்க முடியாது. கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில் என்று வடக்கே மட்டக்களப்பு வரை நீளும் நிலம் கூத்து வழங்கிய நிலம். வட்டக்களரியில் விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று ஒரு வரவுப் பாட்டோடும் வரவு ஆட்டத்தோடும்தான் நுழையும். தருமனுக்கு ஒரு தாளம், துரியோதனனுக்கு வேறு தாளம். கெட்டவன் என்பதற்காக அவனுடைய வரவைக் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் குறுக்கமாட்டார். கரப்புடுப்பும் முடியும் அணிந்து அவன் ஆடும் ஆட்டம் நல்லவனுடைய ஆட்டத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததாக இருக்காது. ஆடுபவரின் கால் வலுவைப் பார்த்துத்தான் ஊர் தீர்ப்புச் சொல்லும்.

அந்த மரபைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பேராசிரியர் சு.வித்தியானந்தன், 1960களின் நடுப்பகுதியில் மேடையேற்றிய படைப்புகளில் ஒன்று 'இராவணேசன்'. மட்டக்களப்பின் சி.மௌனகுரு அதில் இராவணனாக ஆடினார். கம்பனின் எதிர்நாயகன் அங்கே எல்லாவற்றையும் இழந்துகொண்டே போர்க்களம் நோக்கிப் போகும் மனிதன். இராவணனின் பக்கமே நாடகத்தின் பக்கம் என்று துணிந்து வைத்தார்கள். எதிரிக்கு முழு வரவு கொடுக்கும் கூத்திலிருந்து பிறந்ததால்தான் அந்தத் துணிவு வந்தது.

கூத்துக் களரிக்குப் பிறகு இக்கரையினரின் காதுக்கு வில்லன்கள் வந்தது இலங்கை வானொலி வழியாக. கே.எஸ்.ராஜா போன்ற அறிவிப்பாளர்களின் திரைப்பட நிகழ்ச்சிகளில் படத்தின் வசனத் துண்டுகள் ஒலிக்கும். முகம் தெரியாது. குரல் ஒன்றை வைத்தே நம்பியாரா, வீரப்பாவா, அசோகனா என்று சொல்லிவிடுவார்கள். 1958-இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனத்துக்கு நடுவே பி.எஸ்.வீரப்பா சொன்ன ஒற்றை வரி, அந்த நடனத்தைப் பார்த்திராதவர் வாயிலும் இன்று புழங்குகிறது. பின்னர் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் இரண்டு மூன்று படங்களைப் பார்த்துத் தீர்க்கும் காலம் வந்தது. நாடாவைப் பின்னுக்கு ஓட்டிப் பார்க்கிற வசதியும் வந்தது. எந்தக் காட்சி மறுபடி பார்க்கப்படுகிறது என்பதே ஒரு வாக்கெடுப்பாக இருந்தது.

அந்த வாக்கெடுப்பில் வென்றவர் ரகுவரன். 1990-இல் வந்த 'புரியாத புதிர்' கே.எஸ்.ரவிகுமாரின் முதல் படம், கன்னடத்திலிருந்து எடுத்த கொலைத் துப்பறியும் கதை. கதையின் முடிச்சு இன்று பலருக்கு மறந்திருக்கும். ஆனால் மனைவியைச் சந்தேகிக்கும் கணவனாக வந்து, அவள் சொல்லும் ஒவ்வொரு விளக்கத்துக்கும் 'ஐ நோ' என்ற ஒரே பதிலை வெவ்வேறு தொனியில் ரகுவரன் திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சியை மறக்க முடியவில்லை. முதலில் அது ஆறுதல் போல் ஒலிக்கும். பிறகு கேலி. பிறகு வெறி. கடைசியில் அவருக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டதோ என்று தோன்றும். சாதாரணத் திரில்லர் ஒன்று அந்தச் சில நிமிடங்களில் ஒரு நோயாளியின் மனதுக்குள் நுழைந்துவிடுகிறது. ரகுவரன் 2008 மார்ச்சில் காலமானார். 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனியைவிட அந்தக் கணவன்தான் அவரது உயரம் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு.

வில்லன் படத்தைத் தூக்குவான் என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரிந்துவிட்டது. அங்கேதான் புதிய கோளாறு தொடங்கியது. எழுத்தில் செய்யவேண்டிய முதலீட்டைச் சம்பளத்தில் செய்கிறார்கள். மும்பையிலிருந்து ஒரு பெரிய பெயரை அழைத்துவந்து, முடியை வளர்த்து, சுருட்டைக் கொடுத்து, பின்னணியில் முரசு அடித்தால் வில்லன் தயார் என்று நினைப்பு. 2017-இன் 'விவேகம்' படத்தில் விவேக் ஓபராய்க்குக் கிடைத்த வேலை நாயகனைப் புகழ்வது. 'அவனை யாராலும் தடுக்க முடியாது' என்ற பொருளில் எதிரியே சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தால், படத்தில் எதிரி என்று ஒருவன் இல்லை என்றே அர்த்தம். 2023-இன் 'லியோ'வில் சஞ்சய் தத்தும் அர்ஜுனும் இருந்தார்கள். மூடநம்பிக்கையால் பிள்ளையைப் பலிகொடுக்கத் துணியும் குடும்பம் என்ற பயங்கரமான கரு கையில் இருந்தது. அதைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். 2024 நவம்பரில் வந்த 'கங்குவா'வின் உதிரனாகப் பாபி தியோல். அதற்கு முந்தைய ஆண்டு இந்தி 'அனிமல்' படத்தில் வாய் பேசாத பாத்திரமாகக் கொஞ்ச நேரம் வந்து நாடு முழுக்கப் பேசவைத்த அதே நடிகர். இங்கே நிறைய நேரம் உறுமினார், யாரும் பேசவில்லை.

அப்படியானால் நடிப்பு எங்கிருந்து வருகிறது? 'தனி ஒருவன்' படத்தை எழுதிய மோகன் ராஜா அதைக் கதையின் முதல் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதுவரை மறுஆக்கங்களுக்கே பெயர்போனவர் அவர். சித்தார்த் அபிமன்யுவின் கதை அவன் பிறப்பிலிருந்து தொடங்குகிறது. அப்பா ஓர் அப்பாவிக் கட்சித் தொண்டர். பள்ளி வயதில், கட்சித் தலைவர் செய்த கொலைப் பழியைத் தான் ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு அப்பாவுக்கு எம்.எல்.ஏ. பதவி கேட்கிறான் அந்தச் சிறுவன். அந்த ஒரு பேரத்தில் அவனுடைய அறிவு, துணிவு, அறமின்மை மூன்றும் தெரிந்துவிடுகின்றன. பிறகு அரவிந்த்சாமி குரலை உயர்த்தவே தேவையில்லை. இதன் பலன் நாயகன் மித்ரனுக்கும் கிடைக்கிறது: அவன் உடலுக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்திவிடுகிறான் வில்லன். மித்ரன் ஒவ்வோர் அடியிலும் தோற்கிறான், ஏன் தோற்கிறோம் என்று புரியாமல் தவிக்கிறான். ஜெயம் ரவி அந்தப் படத்தில் நன்றாக நடித்தார் என்று நாம் நினைப்பதற்கு அரவிந்த்சாமிக்காக எழுதப்பட்ட பக்கங்களும் காரணம்.

'மாஸ்டர்' படத்திலும் லோகேஷ் கனகராஜ் இந்த வரிசையைத்தான் பின்பற்றினார். பெருந்தொற்றுக்கு நடுவே 2021 ஜனவரி 13-இல் பாதி இருக்கைகளோடு இயங்கிய திரையரங்குகளில் ரசிகர்கள் விஜய்க்காகக் காத்திருக்க, படம் பவானியின் சிறுவயதோடு தொடங்கியது. சீர்திருத்தப் பள்ளியில் அடிவாங்கும் பையன் எப்படி அதே பள்ளியை ஆளும் விஜய் சேதுபதி ஆகிறான் என்பது முதலில் சொல்லப்பட்டுவிட்டது. படம் நீளம், நடுவில் கல்லூரித் தேர்தல் பகுதி இழுக்கிறது. பவானி திரைக்கு வரும்போதெல்லாம் கதைக்கு உயிர் திரும்புகிறது.

வெளியுலகிலும் இதே கதைதான். 1991-இன் 'ராபின் ஹுட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்' படத்தில் நாயகன் கெவின் காஸ்ட்னருக்கு அந்த ஆண்டின் மோசமான நடிகருக்கான ராஸி விருது கிடைத்தது. நாட்டிங்ஹாம் ஷெரிஃபாக வந்த ஆலன் ரிக்மனுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது. ஒரே படம், ஒரே இயக்குநர். அந்த வேடத்தை முதலில் மறுத்த ரிக்மன், பாத்திரத்தைத் தன் விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்று உறுதி கிடைத்த பிறகே ஒப்புக்கொண்டதாகப் பின்னர் சொன்னார். வில்லன் எவ்வளவுக்கு வெற்றி பெறுகிறானோ அவ்வளவுக்குப் படமும் வெற்றி பெறும் என்று ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்னது திரைக்கதை வகுப்புகளில் இன்றும் பாடம். ஹிட்ச்காக் படங்களில் நாயகர்களும் பயந்தவர்களாக, பலவீனமானவர்களாக இருந்தார்கள் என்ற மறுபாதியை வகுப்பில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எழுதாமல் ஒட்டப்படும் வில்லனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வாசகருக்கு நன்றாகத் தெரிந்த முகம். 2012 தீபாவளிக்கு வந்த 'துப்பாக்கி'யில் வித்யுத் ஜம்வால் நடித்த தீவிரவாதத் தலைவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. அந்தப் படத்தை இயக்கியவரும் முருகதாஸ்தான். முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டு, சில இடங்கள் நீக்கப்பட்ட பிறகு பெப்ரவரியில் வெளியானது. இவற்றைச் சமூக நல்லிணக்கம் சார்ந்த பிரச்சினையாக மட்டும் பேசினோம். அது சரியான பேச்சுத்தான். 2019 ஏப்ரலில் நடந்த ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் தாடியும் தொப்பியுமே சந்தேகத்துக்குப் போதுமான காரணமாக இருந்த நாட்களைக் கடந்துவந்த ஊர்கள் இவை. ஆனால் அதோடு ஒரு தொழில் குறையும் இருக்கிறது. ஒருவனுடைய மதத்தையே அவனுடைய குணமாக எழுதிவிட்டால், நடிகர் நடிக்க அங்கே எதுவும் மிஞ்சாது. வித்யுத் ஜம்வாலின் சண்டை நினைவிருக்கிறது. அவர் யாராக வந்தார் என்பது நினைவில்லை. மயானத்தில் பிறந்த சுடலைக்கு ஒரு பிள்ளைப்பருவத்தை யோசித்து எழுத முடிந்த இயக்குநருக்கு, 'துப்பாக்கி'யின் தலைவனுக்கு ஒரு பெயரை யோசிக்கத் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2021 நவம்பரில் வெங்கட் பிரபு தந்த 'மாநாடு'. சிலம்பரசன் நடித்த நாயகனின் பெயர் அப்துல் காலிக். முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம் இளைஞன்மேல் போட்டுக் கலவரம் மூட்டும் சதியின் நடுவே அவன் மாட்டிக்கொள்கிறான். ஒரே நாள் மறுபடி மறுபடி நடக்கிறது. எதிரே எஸ்.ஜே.சூர்யாவின் காவல்துறை அதிகாரி தனுஷ்கோடி. அவனும் அந்தக் காலச் சுழலில் சிக்கிக்கொள்வதுதான் படத்தின் சாமர்த்தியம். ஒவ்வொரு சுற்றிலும் அவன் சலித்து, வெடித்து, மன்றாடி, மறுபடி கொலைக்குத் திட்டமிடுகிறான். வில்லனின் எரிச்சல் திரையரங்கின் சிரிப்பாகிறது. இங்கே நாயகனும் சாகிறான், தப்புச் செய்கிறான், தோற்றுத் தோற்றுக் கற்கிறான். இருவருக்கும் சமமாக எழுதியதால் 'வில்லன் மட்டும் ஆறுதல்' என்று யாரும் எழுதவேண்டி வரவில்லை.

நல்ல நடிப்பு மோசமான எழுத்துக்கு மன்னிப்பு வாங்கித் தருமா என்ற கேள்வியை ஈழத்தமிழர் முன் வைத்தது 2021 ஜூனில் வந்த 'த ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவம். ஈழப் போராளி ராஜியாக வந்த சமந்தா, அதிகம் பேசாமல், உடலின் இறுக்கத்தாலேயே ஒரு காயப்பட்ட பெண்ணைக் காட்டினார். விருதும் பெற்றார். அதேநேரம், ஈழத்தமிழரைப் பாகிஸ்தான் உளவுத்துறையோடு சேர்த்து முடிச்சுப் போட்டதற்காகத் தமிழ்நாடு அரசே தொடரை நிறுத்தக் கோரியது. ராஜியின் வலி உண்மையாக இருந்தது, அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் பொய்யாக இருந்தது. நடிப்பு எவ்வளவு உயர்ந்ததோ, அந்தப் பொய் அவ்வளவு உறுத்தியது.

வில்லனின் கவர்ச்சி படத்தையே கவிழ்த்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. 2023 ஜூனில் வந்த மாரி செல்வராஜின் 'மாமன்னன்' படத்தில் ஃபகத் ஃபாசிலின் ரத்னவேலு சாதி ஆணவத்தின் உருவமாக எழுதப்பட்டவன். வளர்த்த நாயையே அடித்துக் கொல்பவன். படம் இணையத்துக்கு வந்ததும் அவன் நடையையும் பார்வையையும் வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளைச் சேர்த்து இளைஞர்கள் கொண்டாடினார்கள். ஃபகத்தைக் குற்றம் சொல்லலாமா? அவர் தன் வேலையைச் செய்தார். அந்தப் படத்தில் வடிவேலு, சபாநாயகர் இருக்கைக்குப் போகும் ஓர் எளிய மனிதராக, தன் வாழ்நாளின் சிறந்த நடிப்புகளில் ஒன்றைத் தந்திருந்தார். ஆனால் மகன் அதிவீரனின் பாத்திரம் பிற்பாதியில் அறச்சீற்றத்தோடு நின்றுவிட்டது. ரத்னவேலுவுக்கோ ஒவ்வொரு காட்சியிலும் புதிய ஒரு பதற்றம் கிடைத்தது. கொண்டாடியவர்களின் மனநோயை எந்தத் திரைக்கதையாலும் குணப்படுத்த முடியாதுதான். ஆனால் நல்லவன் பக்கத்திலும் அதே அளவு ரத்தமும் சதையும் இருந்திருந்தால், வெட்டி ஒட்ட அவர்களுக்கு அவ்வளவு தோதாக அமைந்திருக்காது.

ஆகவே ஒரு திரில்லரைப் பார்த்துவிட்டு வந்து வில்லனைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்வது, தயாரிப்பாளருக்கு நாம் தருகிற சலுகை. சூர்யாவைப் போட்டோம், ஃபகத்தைப் போட்டோம், படம் பிழைத்தது என்று அவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். நாயகனின் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. விமர்சகர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. இடைவேளைக்குள் நாயகன் எதை இழந்தான்? அவன் எடுத்த முடிவுகளில் எது தவறாகப் போனது? வில்லனை அகற்றிவிட்டால் அவனைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? இவற்றுக்குப் பதில் இல்லாத படத்துக்கு வில்லனுக்காக மதிப்பெண் கூட்டிப் போடுவதை நிறுத்தலாம்.

நம் கரையோர ஊர்களில் கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுக்கும் இளைஞர்களுக்கு இதில் சென்னைக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அவர்களுடைய நாயகனுக்கு ரசிகர் மன்றம் கிடையாது, காக்கவேண்டிய பிம்பம் கிடையாது, கட்சி கிடையாது. பத்து நிமிடப் படத்தில் நாயகன் பயந்து ஓடலாம், கடன்காரனிடம் பொய் சொல்லலாம், தங்கையிடம் அறை வாங்கலாம். அப்படியிருக்க, அவர்களும் மெதுவாக நடந்துவரும் ஒருவனுக்குப் பின்னணி இசை போட்டு நேரத்தைச் செலவழிப்பது ஏன் என்றுதான் புரியவில்லை. அடுத்த குறும்படப் போட்டியை நடத்துகிறவர்கள் சிறந்த வில்லனுக்கு ஒரு பரிசு வைத்தால், அதே தொகையில் தோற்றுப்போகத் துணிந்த நாயகனுக்கும் ஒன்று வைக்கட்டும்.